சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

என் மகள் பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் நான் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தனியார் கல்லூரி. அதற்கு மேல் விடுப்புக் கேட்டால் வேலை இருக்காது. குழந்தையை அம்பத்தூரில் அம்மாவிடம் விட்டேன். பகலில் பவுடர் பால். அதற்கான தண்ணீரை அம்மா தனி எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுவாள். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட மாட்டாள். "பச்சக் கொழந்தைக்குக் குடுக்கறது, நல்லா சுண்டணும்" என்று அடுப்பைத் தணித்து வைத்து, இரண்டு லிட்டர் ஒன்றரை லிட்டராகும்வரை காத்திருப்பாள். பிறகு வெள்ளைத்துணியில் வடிகட்டி, ஆறவைத்து, மூடி வைப்பாள். எல்லாம் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். உப்புக் கரிக்காது, வாடை கிடையாது, கண்ணாடி போலத் தெளிந்திருக்கும்.

பத்து வருடம் கழித்து 2019. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்த வருடம். எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தோழி ஒருத்தி, மாணவிகளை அவரவர் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துவரச் சொன்னாள். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று பெயர் ஒட்டிய பாட்டில்கள் வரிசையாக வந்தன. நான் அம்மா வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுபோனேன். அதில் நைட்ரேட் இருக்கலாம் என்ற அளவைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

"காய்ச்சினால் போய்விடாதா?" என்று கேட்டேன். "போகாது, கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே" என்றாள். தமிழ் படித்தவளுக்கும் புரியும் கணக்குதான் இது. லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள இரண்டு லிட்டர் நீரை ஒன்றரை லிட்டராகச் சுண்டவைத்தால் அது 120 ஆகும். இரவு இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்புறம்தான் தோன்றியது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான்தான் அவளுக்கு வெஷத்தக் காய்ச்சிக் குடுத்தேனா?" என்று கேட்டாள். மகளுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. ஆனாலும் அம்மா கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் எங்கள் ஊரின் வரலாறு எனக்குப் பிடிபட்டது.

நைட்ரேட் என்ற சொல்தான் நமக்குப் புதிது, பொருள் பழையது. வெடியுப்பு என்று தமிழில் சொல்வது பொட்டாசியம் நைட்ரேட்டைத்தான். வெடிமருந்தில் பெரும்பங்கு அதுவே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியும் ஆங்கிலேயக் கம்பெனியும் பீகாரிலிருந்து அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. அதை எடுத்துத் தந்தவர்கள் நோனியா சாதி மக்கள். அவர்கள் சுரங்கம் வெட்டவில்லை. மனிதர்களும் மாடுகளும் நெடுங்காலம் புழங்கிய ஊர்மண்ணில், பழைய சுவரடியில், தொழுவத்து ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த மண்ணைச் சுரண்டினார்கள். அதை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினார்கள். நீர் சுண்டச் சுண்ட உப்பு திரண்டது. அம்மா அடுப்பில் நடந்ததும் இதே வேதியியல்தான்.

அந்த உப்பு ஊர்மண்ணில் எப்படி வந்தது? சிறுநீரிலும் மலத்திலும் சாணத்திலும் உள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகிறது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கிருமிகளை ஓரளவுக்கு மண் வடிகட்டித் தடுத்துவிடும். நைட்ரேட்டை அது பிடித்து வைப்பதில்லை. மழைநீரோடும் கழிவுநீரோடும் கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்துவிடுகிறது. வயலில் போடும் யூரியாவின் மிச்சமும் இதே வழியில்தான் போகிறது. வயல்கள் மனைகளான எங்கள் புறநகரில் மனிதக் கழிவே முக்கியக் காரணம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று பக்கத்துக்கு ஒன்று உண்டு. வடக்கே புழல், தென்மேற்கே செம்பரம்பாக்கம். புழல் ஏரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. செம்பரம்பாக்கத்தில் 2007இல் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. ஏரிக்கரையில் குடியிருந்த எங்கள் பெண்களோ பல பத்தாண்டுகள் கிணற்றையும் அடிபம்பையும் நம்பியிருந்தார்கள். அதன்பின் போர்வெல் வந்தது, லாரித் தண்ணீர் வந்தது. ஏரி நீர் குழாய் வழியே எங்களைக் கடந்து நகரத்துக்குப் போனது.

இந்த ஊர்களின் வளர்ச்சி பாடநூல்களில் உண்டு. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்ற தீர்மானம். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை தேடி வந்த குடும்பங்கள் மனை வாங்கி வீடு கட்டின. அந்த வீடுகளின் கழிவு எங்கே போனது என்று எந்தப் பாடநூலும் கேட்கவில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது வீட்டுக்கடியிலேயே போனது. செப்டிக் டேங்க், அதை ஒட்டி உறிஞ்சுகுழி.

ஒரு மனையின் கணக்கைப் பார்ப்போம். எங்கள் பக்கம் சாதாரண மனை அரை கிரவுண்டு. 1,200 சதுர அடி, அதாவது முப்பதுக்கு நாற்பது. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நூல் பிடித்தால் 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். எந்த மூலையில் எதை வைத்தாலும் அந்த விதி அந்த மனைக்குள் அடங்காது. அரை கிரவுண்டு மனையில் கிணறும் செப்டிக் டேங்கும் சேர்ந்து இருக்கும் என்று தெரிந்துகொண்டே அந்த மனைகள் விற்கப்பட்டன.

வாஸ்து இன்னொரு வேலையும் செய்தது. கிணறு வடகிழக்கில், ஈசானி மூலையில். செப்டிக் டேங்க் வடமேற்கில், வாயு மூலையில். தெருவில் எல்லாரும் இதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் வீட்டின் வடமேற்கு மூலைதான் மேற்கு வீட்டின் வடகிழக்கு மூலை. என் செப்டிக் டேங்க்குக்கும் அவர்கள் கிணற்றுக்கும் நடுவே ஒரு மதில்சுவர்தான். என் கிணற்றுக்குப் பக்கத்தில் கிழக்கு வீட்டுச் செப்டிக் டேங்க். சாத்திரப்படி கட்டிய ஒவ்வொரு வீடும் அண்டை வீட்டுக் கிணற்றில் கலந்தது.

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பாதாளச் சாக்கடைப் பணிகள் 2000களின் பிற்பகுதியில்தான் மெல்லத் தொடங்கின. வீடுகள் வந்து முப்பது நாற்பது வருடம் கழித்து. அதற்குள் மண்ணுக்குப் போனது போனதுதான். எங்கள் ஊர் விதிவிலக்கும் அல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2023இல் நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்ததாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அது 37 விழுக்காட்டுக்கும் மேல்.

இனி அடுக்களைக்கு வருவோம். நீரைத் தூய்மையாக்கும் அறிவு நம் மரபில் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. துணியில் வடிகட்டுவது, படிகாரம் சுழற்றுவது, பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைப்பது. கலித்தொகையிலேயே தேற்றாங்கொட்டை வருகிறது. பிரிவால் கலங்கிய பெண்ணின் மனம் தலைவன் வந்ததும் தெளிவதற்கு, கலங்கிய நீர் அந்தக் கொட்டையால் தெளிவது உவமை. நம் மொழியில் நல்ல நீர் என்றால் தெளிந்த நீர். பிறகு காலராவின் காலம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிச் சொல்லி, காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். பெண்கள் அதையும் கற்றுக்கொண்டார்கள். விறகும் நேரமும் கூடுதலாகச் செலவழித்துக் காய்ச்சினார்கள். எண்ணற்ற உயிர்களைக் காத்த அறிவு அது. இன்றும் கிருமிக்கு அதுதான் மருந்து.

நைட்ரேட்டிடம் இவை ஒன்றுமே பலிக்காது. அது நீரைக் கலக்குவதில்லை, தெளியவைக்க ஒன்றுமில்லை. உயிரி இல்லை, கொதியில் சாகாது. முழுக்கக் கரைந்த உப்பு, எந்தத் துணியிலும் தங்காது. குளோரினும் செப்புக்குடமும் அதைத் தொடாது. சேற்றுக்கும் கிருமிக்கும் எதிராகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சேர்த்த அறிவை வைத்துக்கொண்டு, தொழில்நகரம் உண்டாக்கிய ஒரு கலப்பை அம்மா எதிர்கொண்டாள். மாறியது தண்ணீர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கலப்பு கைக்குழந்தைக்குத்தான் உடனடி ஆபத்து. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி, உடல் நீலம்பாரித்த பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. புட்டிப்பாலில் கலந்த கிணற்று நீரில் நைட்ரேட் இருந்தது. குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. பெரியவர்களின் உடல் அதைச் சரிசெய்துகொள்ளும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலுக்கு அந்தத் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. 1951இல் அமெரிக்காவில் இத்தகைய நேர்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பு. நம் இந்தியத் தரமும் அதுவே. உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது.

தாய் குடிக்கும் நீரில் நைட்ரேட் இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே வருகிறது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்வு. அம்மாவுக்கு வந்ததேதான். தாயின் உடலே சிறந்த வடிகட்டி என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கொடுத்தது மொத்தம் 12 வாரம். பிரசவத்துக்கு முன்பே ஆறு வாரம் எடுத்தவள், பிறந்த ஆறாவது வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். 26 வாரம் ஆனது 2017இல்தான். அதுவும் சட்டம் எட்டுகிற வேலையிடங்களில். தொழிற்பேட்டையின் தையல் கூடங்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எத்தனை வாரம்? குழந்தைக்கு நைட்ரேட்டால் ஆபத்து மிகுந்த அதே மாதங்களில்தான் வேலை தாயைக் கூப்பிடுகிறது. புட்டிப்பாலும் கிணற்று நீரும் அந்த இடைவெளியில்தான் சந்திக்கின்றன.

சரி, நைட்ரேட்டை அகற்றவே முடியாதா? முடியும். முதல் வழி அயனிப் பரிமாற்றம். ஒருவகைப் பிசின் மணிகளின் வழியே நீரைச் செலுத்தினால், மணிகள் நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு குளோரைடை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புநீரால் கழுவ வேண்டும். இரண்டாவது ஆர்.ஓ. நுண்சவ்வின் வழியே அழுத்தத்தில் நீரைத் தள்ளுவது. நன்றாக வேலை செய்யும். ஆனால் வீட்டுக் கருவியில் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீர் வெளியேறும்.

இரண்டிலும் நைட்ரேட் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. முன்பைவிட அடர்ந்த கழிவுநீராக சிங்க் குழாயில் இறங்கி, சாக்கடை இல்லாத தெருவில் அதே உறிஞ்சுகுழிக்குப் போய், அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. பெரிய ஊர்களுக்கும் இதுதான் சிக்கல். காம்லி எழுதிய அதே அயோவாவில், டெ மொய்ன் நகரம் 1990களின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய நைட்ரேட் அகற்றும் நிலையங்களில் ஒன்றைக் கட்டியது. அகற்றிய நைட்ரேட் உப்புநீரோடு மீண்டும் ஆற்றுக்கே போனது. மேலேயுள்ள வயல்களின் வடிகால் அமைப்புகள் மீது 2015இல் அந்நகரின் நீர்வாரியம் வழக்குத் தொடுத்தது. 2017இல் வழக்கு தள்ளுபடியானது.

உண்மையாக அகற்றும் வழி மூன்றாவது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சிலவகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஏரிச்சேற்றில் இயல்பாக நடப்பது இது. 1980களிலிருந்து பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடிநீருக்கே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் இதை வீட்டு அடுக்களையில் செய்ய முடியாது. பொறியாளரும் மின்சாரமும் அன்றாடக் கண்காணிப்பும் வேண்டும். அதாவது ஒரு நகராட்சி வேண்டும்.

அந்தப் பொதுவேலை நடக்காத ஊரில் அதன் பாரம் வீட்டுக்குள் இறங்குகிறது. 20 லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது யார், ஆர்.ஓ. கழிவுநீரை வாளியில் பிடித்துத் துணி அலசுவது யார், மாதச் செலவில் கேனுக்கு ஒதுக்குவது யார் என்று நம் வீடுகளில் பார்த்தாலே தெரியும். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தருகிறார்கள். நல்லதுதான். சோதனையில் அளவு கூடுதல் என்று தெரிந்தபின் அந்த ஐவருக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு பாரமும் இருக்கிறது. மண்ணுக்குள் போகாத கழிவை அள்ளியவர்களின் பாரம். செப்டிக் டேங்க்கில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை கூடிய அளவுக்குச் சாவு நின்றுவிடவில்லை. இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் ஆண்கள். அதன்பின் குடும்பத்தைச் சுமந்து அலுவலகப் படியேறியவர்கள் அவர்கள் மனைவியர். என் அம்மாவின் கிணறும் அந்தப் பெண்களின் வாழ்வும் ஒரே குழியில்தான் தொடங்குகின்றன. நைட்ரேட்டைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டு என் வீட்டு அடுப்பைப் பற்றி மட்டும் பேச எனக்கு உரிமையில்லை.

படிக்கும் தோழிகளுக்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கேன்காரரோ கருவி விற்பவரோ காட்டும் டி.டி.எஸ். மீட்டர் நைட்ரேட்டைச் சொல்லாது. அது எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை. நைட்ரேட்டுக்கென்று தனியாகச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் அதைச் செய்யலாம். முடிவு நைட்ரேட்டாகவா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகவா என்று பாருங்கள். முன்னதில் வரம்பு 45, பின்னதில் 10. வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை புட்டிப்பால் குடித்தால், சோதிக்காத கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ அதில் கலக்க வேண்டாம். காய்ச்சுங்கள், கிருமிக்காக. சுண்டவைக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்தபின் ஒருநாள் அம்மாவிடம் காகிதத்தில் முப்பதுக்கு நாற்பது மனையை வரைந்து காட்டினேன். எங்கள் கிணறு, கிழக்கு வீட்டு டேங்க், எங்கள் டேங்க், மேற்கு வீட்டுக் கிணறு. "நீ காய்ச்சினதுல வந்தது இல்லம்மா, இங்கேருந்து வந்தது" என்றேன். படத்தை வெகுநேரம் பார்த்தாள். வீடு கட்டும்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, நான் இடுப்பில்.

"குழி வெட்டும்போதே கேட்டேன்டி. நம்ம டேங்க்கு மேலண்டை வீட்டு அக்கா கிணத்துகிட்ட வருதேன்னு. மேஸ்திரியும் உங்கப்பாவும் வாஸ்துப்படிதான் வெக்கறோம், நீ உள்ள போன்னாங்க."

கேட்க வேண்டியதை அவள் அன்றே கேட்டுவிட்டாள். இப்போது எங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் பதித்து, மூடியும் போட்டாயிற்று. வீட்டு இணைப்பு இன்னும் வரவில்லை. அடுத்த வார்டு கூட்டத்துக்கு அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.